இரண்டு குழிகள்

அப்பாவின் ராலே சைக்கிளில் முதலில் செத்தது சீட்டுதான். அவர் போனபின் பதினோரு வருடம் மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கிய வண்டியைப் போன தை மாதம் இறக்கினோம். தூசியைத் துடைக்கத் துடைக்கக் கறுப்புப் பெயிண்டின் மேல் தங்கநிறக் கோடுகள் மெல்லத் தெரிந்தன. செயின் வீலில் வெட்டியிருக்கும் மூன்று நாரைத் தலைகளும் அப்படியே இருந்தன. பின்சக்கரத்து ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பில் 51 என்று பொறித்திருந்தது. நாட்டிங்ஹாமில் அந்த ஹப்பைச் செய்த வருடம் அது. சீட்டின் தோல் மட்டும் மூக்கிலிருந்து நடுமுதுகு வரை வெடித்து, காய்ந்த வாழைப்பட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அந்த நிலையிலும் அதில் இரண்டு குழிகள் இருந்தன. இடது குழி வலதைவிடச் சற்று ஆழம். முப்பது வருடம் ஏழு மைல் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்வந்த வாத்தியாரின் இடுப்பெலும்பு பதிந்த இடம்.

மதுரை தெற்குவாசல் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி சின்னதாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வண்டியை இறக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பெயிண்ட் அடிக்கச் சொல்லிருவீங்களோ?" என்பதுதான். இல்லை என்றேன். முகம் தெளிந்தது. "அடிச்சா வயசு போயிரும் தம்பி. தொடச்சு எண்ணெய் போட்டாப் போதும்."

ஓவராயில் வேலைக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டார். கோட்டர் பின்னை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மரக்கட்டையை முட்டுக்கொடுத்து ஒரே தட்டில் கழற்றினார். கிராங்க் அச்சைத் தாங்கும் பி.பி. கப்பைத் திருகும்போது சொன்னார்: "மத்த வண்டிக்கெல்லாம் இஞ்சுக்கு 24 மரை. ராலேக்கு மட்டும் 26. தெரியாதவன் வேற கப்பை வச்சுத் திருகினா பிரேமே போயிரும்." பழைய கப்பையே கழுவி, பால்ரஸ் மட்டும் புதிதாகப் போட்டு, கிரீஸ் அப்பினார். கோட்டம் எடுத்தபின் சக்கரம் சுற்றியபோது பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு நூல்கூட மாறவில்லை.

சீட்டுக்கு வந்தபோது மூன்று வழி சொன்னார். முந்நூறு ரூபாய்க்கு ரெக்சின் போட்ட ஸ்பாஞ்சு சீட். வெளிநாட்டுத் தோல் சீட் வேண்டுமென்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். "மூணாவது, கம்பிக்கூடு நல்லாத்தானே இருக்கு, தோல மட்டும் மாத்துறது. திண்டுக்கல்ல ஒருத்தர் இருக்காரு. செருப்பு, மாட்டு வார், மேளத்து வார் எல்லாம் பண்ணுவாரு. கேட்டுப் பாருங்க."

தோல் சீட்டின் சூட்சுமம் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்றாவது வழியின் நியாயம் புரியும். ஸ்பாஞ்சு சீட் ஒரு மெத்தை. தோல் சீட் ஒரு கயிற்றுக் கட்டில். அதற்கு அடியில் தாங்கும் பலகை எதுவும் கிடையாது. பின்னால் ஒரு வளைந்த இரும்புத் தகடு, முன்னால் மூக்குத் துண்டு, இரண்டுக்கும் நடுவே விறைப்பாகக் கட்டிய ஒரே துண்டுத் தோல். அவ்வளவுதான். உடம்பின் கனம் முழுவதையும் அந்தத் தோல் தொங்கியபடி தாங்குகிறது. கட்டில் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவதுபோல, மூக்குக்கு அடியில் இருக்கும் போல்ட்டைக் கால் சுற்று முடுக்கினால் தோல் மறுபடி விறைக்கும். இரும்புக் கூட்டுக்கு நூறு வருட ஆயுள் உண்டு. தோலை மட்டும் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இந்தச் சீட்டை உலகமெங்கும் பரப்பிய பெயர் புரூக்ஸ். ஜான் பூல்ட்பீ புரூக்ஸ் 1866இல் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யத் தொடங்கியவர். 1878இல் அவருடைய குதிரை இறந்துபோக, இரவல் சைக்கிளில் போய்வந்தார் என்றும், அதன் இருக்கை படுத்திய பாட்டில்தான் தோல் சீட் செய்ய இறங்கினார் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. 1882இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிள் சீட்டுக்கு ஆங்கிலத்தில் இன்றும் சேணத்தின் பெயரே இருக்கிறது. நம் ஊரிலும் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸும் பிலிப்ஸும் தெருவுக்குத் தெரு வந்த காலத்தில் தோல் சீட் சாதாரணமாக எல்லார் வண்டியிலும் இருந்தது. பிறகு ரெக்சின் வந்தது. தோல் சீட் பணக்காரப் பொருளாகிவிட்டது.

திண்டுக்கல் பேகம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாசனையைக் கேட்டே போய்விடலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். போனேன். தோல் பதனிடும் இடத்துக்கு இந்த ஊரில் 'தோல் ஷாப்பு' என்று பெயர். டி. செல்வராஜ் எழுதி 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தோல்' நாவல் இந்த ஷாப்புத் தொழிலாளர்களின் போராட்டத்தைச் சொல்வது. படித்திருந்தேன். ஆனாலும் சுண்ணாம்புத் தொட்டியின் கரையில் நின்று மூச்சை இழுத்தபோதுதான் ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு கனம் என்று விளங்கியது.

மேற்பார்வை பார்க்கும் பாய் பொறுமையாக ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிப்போனார். உப்புப் போட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். அடுத்துச் சுண்ணாம்பு, முடி கழன்றுவிடும். ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, சுண்ணாம்பைக் கழுவி எடுத்தபின் பட்டைத் தண்ணி. முன்னெல்லாம் ஆவாரம்பட்டை. பிறகு மலையில் வளரும் வாட்டில் மரத்தின் பட்டை. முதலில் நீர்த்த சாற்றிலும் பின்னர் கெட்டியான சாற்றிலும் படிப்படியாக ஊறினால்தான் நடுத்தோல் வரை துவர்ப்பு இறங்கும். "கடைசியா கடுக்காய்த் தண்ணி. ஆவாரம்பட்டைத் தோலு வெயில் பட்டா செவந்துரும். கடுக்காய்தான் அதப் பிடிச்சு நிறுத்தும்" என்றார் பாய்.

குரோம் உப்புப் போட்டால் ஓரிரு நாளில் முடிகிற வேலைக்கு இங்கே வாரக் கணக்கு. குரோம் தோல் நெகிழ்ந்து கொடுக்கும். பைக்கும் ஷூவின் மேல்பாகத்துக்கும் நல்லது. சீட்டுக்கு ஆகாது. நனைத்து அச்சில் ஏற்றினால் வாங்கிய வடிவத்தைக் காய்ந்தபின்னும் விடாமல் வைத்துக்கொள்வது பட்டைத் தோல்தான்.

தொட்டிக்குள் இறங்கி நின்ற ஒருவரின் கால்களைப் பார்த்தேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இருந்தது. கையுறை ஒரு கையில்தான் இருந்தது. இந்தத் தொழில் நிலத்தடி நீருக்குச் செய்த கேட்டை ஊரும் அறியும், நீதிமன்றமும் அறியும். கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் தோல் ஷாப்புகள் வழக்கில் உறுதிசெய்தது. கிணறுகளின் பாட்டை அந்த வழக்கு பேசியது. இந்தக் கால்களும் கைகளும் இன்னும் காத்திருக்கின்றன.

எருமைத் தோலில் முதுகும் புட்டமும் சேரும் இடத்தை வெட்டி, எடை போட்டுக் கொடுத்தார் பாய். விரல்கனத்தில் பாதி இருந்தது. "வயித்துப் பக்கம் வாங்கிறாதீங்க. இழுத்த இழுப்புக்கு வரும். ஆறு மாசத்துல சீட்டு தொட்டிலாயிரும்."

மேஸ்திரி சொன்ன தோல்காரரின் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசலில் தகரத் தாழ்வாரம். ஒரு கல், ஒரு மரக்கட்டை, குத்தூசிகள், நாலைந்து கத்திகள், மெழுகு உருண்டை. அவருக்கு அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார்" என்று தான் உட்கார்ந்திருந்த ஒரே ஸ்டூலை நகர்த்தினார். நான் தரையில் உட்கார்ந்தேன். அவர் ஸ்டூலில் உட்காரவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டூல் நடுவில் காலியாக இருந்தது.

பழைய சீட்டைக் கையில் வாங்கி, குழிகளைக் கட்டைவிரலால் தடவினார். "அப்பா இடது பக்கம் சாஞ்சு மிதிப்பாரோ?"

ஆமாம். வலது முழங்காலில் அவருக்கு வலி இருந்தது. வீட்டில் யாரும் பேசாத விஷயம். தோல் சொல்லியிருக்கிறது.

"இந்தக் குழி அப்படியே வர்ற மாதிரி செய்ய முடியுமாண்ணே?" என்று கேட்டேன். அதற்காகத்தான் வந்திருந்தேன் என்று கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் தலையை ஆட்டினார். "அது அவர் உக்காந்து விழுந்தது சார். நான் சமமா இழுத்துக் குடுப்பேன். உங்க குழிய நீங்கதான் விழ வைக்கணும்."

ரிவெட்டுகளை உளியால் நெம்பி எடுத்து, பழைய தோலை இரண்டு துண்டாகவே புதுத் தோல்மீது விரித்து, சுற்றிலும் கோடு கிழித்தார். ஓரத்துக்கு இரண்டு விரல் கூடுதலாக வெட்டினார். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கியதும் தோலிலிருந்து குமிழிகள் கிளம்பின. குமிழி நிற்கும்வரை காத்திருந்தார். வாகைமரத்தில் தானே செதுக்கிய அச்சின்மீது அதைப் போர்த்தி, மூக்குப் பக்கம் மடிப்பு விழாமல் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து இறக்கினார். ஓரங்களை ஆணியடித்து நிறுத்தினார். "நிழல்ல மூணு நாள். வெயில்ல வச்சா முறுக்கிக்கும்."

அந்தக் காத்திருப்பில்தான் பேசத் தொடங்கினோம். நான் அப்பாவின் சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

"எங்கப்பாவும் சைக்கிள் வச்சிருந்தாரு. ஊர்த்தெரு வந்தா இறங்கிரணும். உருட்டிக்கிட்டுத்தான் போகணும். செருப்பக் கையில எடுத்துக்கணும். அந்தத் தெருவுல அத்தன பேரு கால்லயும் கெடந்தது அவரு தச்ச செருப்பு. அவங்க வண்டிச் சீட்டுக்குத் தோல் மாத்துனதும் அவருதான். சீட்டு போடலாம். உக்காரக்கூடாது."

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊர்க் கோயில் முக்கு நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போகும்போது, அந்த முக்கில் ஒருவர் எப்போதும் தன் வண்டியிலிருந்து இறங்கி நிற்பார். வாத்தியாருக்கு மரியாதை செய்கிறார் என்று அன்று பெருமைப்பட்டேன். அப்பா ஒருநாளாவது அவரை ஏறச் சொன்னாரா? எனக்கு நினைவில் இல்லை. சொல்லியிருந்தால் நினைவிருக்கும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கியதை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். யார் சீட்டில் உட்காரலாம், யார் இறங்க வேண்டும் என்பது நம் ஊரில் வெறும் வாகன விஷயமாக என்றுமே இருந்ததில்லை.

நான்காம் நாள் நண்பரின் குட்டியானையில் ராலேயையும் ஏற்றிக்கொண்டு போனேன். அச்சிலிருந்து கழன்ற தோல், தட்டினால் மரப்பலகைபோல் ஓசை கொடுத்தது. கூடுதல் ஓரத்தை வெட்டி, விளிம்பைச் சரிவாகச் சீவி, ஈரத்துணியால் துடைத்து மழுங்கிய மரத்துண்டால் தேய்த்தார். விளிம்பு கண்ணாடிபோல் மின்னியது. முதலில் மூக்கில் செம்பு ரிவெட். பிறகு தோலைப் பின்னுக்கு இழுத்து, பின்தகட்டில் நடுவிலிருந்து இரு பக்கமும் மாறிமாறி ரிவெட். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தோல் கோணிவிடும். ஒவ்வொரு ரிவெட்டின் தலையும் பச்சரிசி அப்பளம்போல் வட்டமாக விரிந்தது. தேன்மெழுகையும் கொழுப்பையும் உருக்கி மேலும் கீழும் தடவினார். எண்ணெய் மட்டும் ஊற்றக்கூடாது என்றார், குடித்துவிட்டுத் தொய்ந்துபோகும். மழையில் நனைந்தால் நிழலில் காயும்வரை உட்காரக்கூடாது.

கூலி கேட்டேன். தோலுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லாத ஒரு தொகையைச் சொன்னார். மலிவான சீட் என்றுதான் நானும் தேடி வந்தேன். அந்த மலிவு தோலில் இல்லை, செம்பில் இல்லை. இவருடைய மூன்று அரைநாட்களில் இருந்தது. மதுரை மேஸ்திரிக்கு என்ன நாள்கூலி கொடுத்தேனோ அதையே கணக்குப் போட்டு எடுத்து நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்தார். "மேஸ்திரி கணக்கா?" என்றார். ஆமாம் என்றேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சீட்டை வண்டியில் பூட்டி, மட்டம் பார்த்து, மூக்கை ஒரு நூல் உயர்த்தி கிளிப்பை முடுக்கினார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

"இருங்க தம்பி" என்றார். சார் போயிருந்தது. "கட்டுனவன் உக்காந்து பாக்காமக் குடுக்கக்கூடாது. சத்தம் வருதான்னு பாக்கணும்."

வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். புதுத் தோல் ஒருமுறை முனகியது. தெருவில் நேராகப் போனார். சைக்கிள் முனை திரும்பியது. அங்கே டீக்கடை, அதைத் தாண்டிக் கோயில், அதைத் தாண்டிப் பெரிய ரோடு. மூன்று நிமிடம் ஆகியிருக்கும். எதிர் முனையிலிருந்து மணியடித்துக்கொண்டே வந்தார், எங்கேயும் இறங்காமல்.

இப்போது ஏழு மாதமாகிறது. தோல் தேன்நிறத்திலிருந்து புளியங்கொட்டை நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சாய்வெயிலில் பார்த்தால் இரண்டு குழிகள் லேசாகத் தெரிகின்றன. என் கனம்தான். ஆனால் இந்தத் தோலின்மேல் முதலில் பதிந்தது கட்டினவர் கனம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதன்மேல்தான் உட்காருகிறேன்.