அடைக்கு அமர்ந்த கோழி

பங்கு இல்லத்துப் பின்கட்டில் நாம் வளர்க்கும் ஐந்து நாட்டுக்கோழிகளுள் கறுப்புப் பெட்டை, சென்ற தை மாதத்தில் அடைக்கு அமர்ந்தது. நம்மிடம் சேவல் இல்லை. முட்டைகளையும் நாள்தோறும் எடுத்துவிடுவோம். ஆயினும் வெறும் வைக்கோலின்மீது இறகை விரித்து அமர்ந்து, கை நீட்டினால் கொத்தியது. இரையெடுக்க நாளுக்கு ஒருமுறை எழுந்ததோடு சரி.

மூக்கில் இறகைச் செருகினால் அடை தெளியும் என்றார் சமையல் செய்யும் அம்மா. அதற்கு மனம் ஒப்பவில்லை, தண்ணீரில் முக்கினோம். நடுங்கியபடியே கூட்டுக்குத் திரும்பியது. நாம் செய்ததும் கொடுமையே என்பது அப்போதுதான் உறைத்தது. வயிற்றின் கீழுள்ள வெதுவெதுப்பே அடையை நீட்டிக்கிறது. அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கூண்டும் ஆயத்தமாயிற்று.

மறுநாள் திருப்பலி முடிந்து வந்தபோது, சேவலும் பெட்டையுமாய் வளர்க்கும் அடுத்த வீட்டு மூதாட்டி 9 முட்டைகளை முறத்தில் ஏந்தி நின்றார். அன்றிரவு இருட்டில் அவற்றை அடியில் வைத்தோம். ஏழாம் நாள் விளக்கொளியில் பார்த்து, கரு கூடாத இரண்டை அகற்றினோம். 21ஆம் நாள் ஆறு குஞ்சுகள் பொரிந்தன. ஏழாவது முட்டையின்மீது அது மறுநாள் மாலைவரை அமர்ந்திருந்தது. எடுக்க நாம் கை நீட்டவில்லை.