பிய்த்துப் போட்ட சப்பாத்தி

ஸ்ரீபெரும்புதூரில் குடியேறிய நாள்முதல் எங்கள் வீட்டுக்குப் பொழுது விடிவதைத் தொழிற்சாலைப் பேருந்துகளே அறிவித்து வருகின்றன. இரவுப்பணி முடித்தவர்களோடு அவை ஒரகடத்திலிருந்து திரும்பும் வேளையில்தான் நாங்கள் அடுப்பைப் பற்றவைப்போம்.

சென்ற மார்கழியில் அப்படியொரு காலையில் எங்கள் பழைய மாணவன் வாசலில் வந்து நின்றான். கணவன் மனைவி இருவருமே தமிழ்த்துறையில் இருப்பதால் இருவரிடமும் பயின்றவன். முதுகலை முடித்தும் ஆசிரியப் பணி கிட்டாமல், கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தான். இரவல் வாங்கிய நூலைத் திருப்பித்தர வந்ததாகச் சொன்னான். சாப்பிட்டாயா என்றதற்குச் சிரித்தான்.

வீட்டில் மாவு தீர்ந்திருந்தது. இரவு மீந்த ஆறு சப்பாத்திகளே இருந்தன. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தை அவனுக்கு நடத்திய நாங்கள், பழையதை அவன்முன் எப்படி வைப்பதென்று தயங்கினோம். அவனோ எட்டிப் பார்த்துவிட்டு, "கொத்துச் சப்பாத்திதானே அம்மா? கொடுங்கள், நான் பிய்க்கிறேன்" என்று தட்டுடன் தரையில் அமர்ந்துவிட்டான்.

நெடுஞ்சாலைக் கடைகளில் முட்டையும் சால்னாவும் ஊற்றிக் கல்லதிரக் கொத்தும் பரோட்டா வேறு. வீட்டுக் கொத்துச் சப்பாத்தி வேறு. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, பிய்த்த துண்டுகளைக் கொட்டி, நீர் தெளித்துச் சற்றே மூடிவைப்பது. சுடச்சுட எடுத்த சப்பாத்தி இதற்கு உதவாது, குழைந்துவிடும். ஓரிரவு உலர்ந்ததே தாளிப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

எத்தியோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சில ஆண்டுகள் கற்பித்துத் திரும்பிய நண்பர், அந்நாட்டுக் காலையுணவான 'செசெப்ஸா' பற்றிச் சொன்னது வெங்காயம் வதங்குகையில் நினைவுக்கு வந்தது. புளிக்காத மாவில் சுட்ட தட்டை ரொட்டியைப் பிய்த்து, மணப்பொருள்கள் இட்டுக் காய்ச்சிய நெய்யிலும் 'பெர்பெரே' என்னும் மிளகாய்ப்பொடிக் கலவையிலும் புரட்டுவார்களாம். தேன் ஊற்றியும் உண்பார்களாம். தெஃப் தானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செராவில் மீந்ததையும் பிய்த்துக் குழம்பில் பிரட்டி 'ஃபிர்ஃபிர்' ஆக்குவதுண்டாம். இதைச் சொன்னபோது, "அங்கேயும் நம்மைப்போலத்தானா ஐயா!" என்றான்.

பிறகு, தட்டிலிருந்து தலை நிமிராமலே, "ஒப்பந்தம் நேற்றோடு முடிந்தது. மதியப் பேருந்தில் ஊருக்குப் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்றான்.

2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியதைக் கண்ட ஊர் இது. ஆறுதல் மொழிகள் எங்களிடமும் தீர்ந்துபோயிருந்தன. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று மட்டும் கேட்டோம். தட்டை நீட்டினான்.

அவன் கைகழுவப் போனபோது நூலை அவனுடைய பையிலேயே திரும்ப வைத்தோம். தர வேண்டிய நூல் ஒன்றிருந்தால் மீண்டும் வருவான் அல்லவா?