சிந்தோக்கில் இரண்டு நாள்

கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் ஏறத்தாழ 5 மணி நேரத்தில் அலோர் ஸ்டார் போய்விடலாம். தைப்பிங்கைத் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரி வருகிறது. தண்டவாளம் ஏரியின் மேலேயே பாலமாகச் செல்கிறது. இரு பக்கமும் தண்ணீர். மற்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மடியில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. அதில் மகளின் எஸ்டிபிஎம் சான்றிதழ், முதல் செமஸ்டர் தேர்வு முடிவு, பல்கலைக்கழகம் மாறுவது பற்றி நான் திரட்டி வைத்த தாள்கள்.

யுபியு விண்ணப்பத்தில் அவள் முதலாவதாகக் கேட்டது மலாயாப் பல்கலைக்கழகம். கிடைத்தது, உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல். நம்மவர் வீடுகளில் மலாயாப் பல்கலைக்கழகம் என்றால் தனி மதிப்பு. 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை அங்கே இருக்கிறது. 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்க முன்னின்ற தனிநாயக அடிகளார் அந்தத் துறையில் பேராசிரியராக இருந்தவர். கிள்ளானில் இருக்கும் எங்களுக்கு, பிள்ளை வார இறுதியில் வீட்டுக்கு வந்து போகலாம் என்ற ஆசையும் உண்டு.

விசேஷங்களில் யாராவது "பொண்ணு எங்க படிக்குது?" என்று கேட்டால், "கெடாவில" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

சேர்ந்த மூன்றாவது வாரம் அவள் அழுதுகொண்டே போன் செய்தாள். "அப்பா, நான் யூஎம்முக்கு மாறிக்கலாமா?" என்றாள். ஒரு வருஷம் நன்றாகப் படி, பிறகு பார்ப்போம் என்றேன். இரண்டாவது செமஸ்டர் முடியப்போகிறது. அவள் நன்றாகவே படித்துவிட்டாள். இப்போது சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியது நான்.

அலோர் ஸ்டாரிலிருந்து கிராப் கார் எடுத்தேன். வடக்கே போகப் போக நெல் வயல்கள். சமவெளியில் குனோங் கெரியாங் என்ற சுண்ணாம்புக்கல் மலை தனியாக நிற்கிறது. சங்லுன் பட்டணத்தில் கிழக்கே திரும்பினால் வயல்கள் மறைந்து காடு தொடங்குகிறது. நேராகப் போயிருந்தால் புக்கிட் காயு ஹீத்தாம், அதற்கப்பால் தாய்லாந்து.

சிந்தோக் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடம். 1984-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் வளாகம் இப்போது அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நடுவே இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. மாணவர் விடுதிகளை 'இனாசிஸ்' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர். மேபேங்க், புரோட்டோன், பெட்ரோனாஸ் என்று பெயர்ப்பலகைகளைப் பார்த்ததும் ஏதோ தொழிற்பேட்டைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

மகள் என்னைச் சுற்றிக் காட்டினாள். ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்று, "இங்க உட்கார்ந்துதான் அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அவளுடைய அறைத்தோழி சபாவைச் சேர்ந்த பெண். வீட்டுக்குப் போக அவள் விமானம் ஏற வேண்டும். அதைக் கேட்ட பிறகு ரயில் பயணக் களைப்பைப் பற்றி நான் பேசவில்லை.

அன்றிரவு சங்லுனில் ஒரு மமாக் கடையில் கோப்பைத் திறந்தோம். படித்த பாடங்களைப் புதிய இடத்தில் ஏற்றுக்கொள்ள இரண்டு விதிகள் உண்டு. குறைந்தது சி கிரேடு எடுத்திருக்க வேண்டும். பாடத்தின் உள்ளடக்கம் 80 விழுக்காடாவது ஒத்திருக்க வேண்டும். கிரேடில் அவளுக்குக் கவலையில்லை. இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள். எங்கள் கணக்குப்படி, படித்த பத்துப் பாடங்களில் ஆறுதான் தேறும்போல் இருந்தது. இறுதி முடிவு சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் கையில். மீதியைத் திரும்பப் படித்தால் படிப்பு முடிய நாளாகும். பிடிபிடிஎன் கடனும் கூடும்.

"1967 கணக்காளர் சட்டத்துல ரெண்டு யூனிவர்சிட்டி பேரும் ஒரே அட்டவணையிலதான் இருக்குப்பா" என்றாள். எங்கே கணக்கியல் பட்டம் வாங்கினாலும், மூன்று வருட வேலை அனுபவத்துக்குப் பிறகு மலேசியக் கணக்காளர் கழகத்தில் சேரலாமாம்.

"அப்படின்னா எதுக்கும்மா மாறணும்?" என்றேன்.

அவள் தே தாரேக்கை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள். "முதல்ல அழுதது வீட்டு ஞாபகத்துல. அது போயிடுச்சு. இப்ப வேற காரணம். இங்க என் வகுப்புல முன்னாடி வரிசையில இருக்கேன். அங்க போனா இருப்பேனான்னு தெரியணும். பெரிய ஆடிட் கம்பெனிங்களும் கேஎல்லதான் இருக்கு."

நான் கோப்பில் சேர்த்து வைத்திருந்த காரணங்களில் இது இல்லை. அங்கே இருந்தவை வீட்டுக்குப் பக்கம், நல்ல பெயர், உறவினர் கேள்வி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை என்பதை மறந்துவிட்டேன். அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் சுல்தானா பாஹியா நூலகத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எதிரே மூன்று பிள்ளைகள் ஒரே மடிக்கணினியைச் சுற்றி நின்று மலாயில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் கடந்த ஒரு வருஷமாக இப்படித்தான் யாருடனாவது நின்று வாதாடியிருப்பாள். இதை விட்டுப் போனால் அங்கே முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கணக்கு எந்தத் தாளிலும் இல்லை.

வகுப்பு முடிந்து வந்தவளிடம் அதைச் சொன்னேன். அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். எந்தெந்தப் பாடங்களை ஏற்பார்கள் என்று முதலில் எழுதிக் கேட்பாள். கணக்கியல் பாடங்கள் எல்லாவற்றையும் ஏற்றால் விண்ணப்பிப்பாள். ஒன்று குறைந்தாலும் இங்கேயே முடித்துவிட்டு, தொழிற்பயிற்சிக்குக் கோலாலம்பூர் ஆடிட் நிறுவனம் ஒன்றைப் பிடிப்பாள். எனக்கும் அது சரியென்று பட்டது.

"ஒண்ணே ஒண்ணுப்பா. கிடைக்கலைன்னா மனசு கஷ்டப்படக் கூடாது."

"நீ ஏம்மா கஷ்டப்படப் போற?"

"நான் இல்லப்பா, நீங்க."

கோப்பை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும் ரயிலில் பக்கத்து இருக்கையில் நம்மவர் ஒருவர். புக்கிட் மெர்தாஜாம் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

"மகள் சிந்தோக்கில் கணக்கியல் படிக்கிறாள்" என்றேன். சிந்தோக் எங்கே இருக்கிறது என்றார். புக்கிட் மேரா ஏரி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.