வற்றல் காயும் முற்றம்

சிவகாசிக்குத் தொழில் தந்தது வெயில் என்பர். அது மிகையன்று. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினர். அத்தொழில் இங்கு வேரூன்ற, மழை குறைந்த நிலமும் ஈரமற்ற காற்றும் வேலை தேடி நின்ற கைகளும் துணைநின்றன. மருந்து தோய்த்த குச்சி காயவேண்டும், திரி காயவேண்டும், காயாத பட்டாசு நமுத்துப்போகும். இச்செய்தியை நீங்கள் சிறுவயது முதலே அறிவீர்கள். ஆனால், ஆலைகள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே இதே வெயிலைப் பெண்கள் தம் வீட்டு முற்றத்தில் ஆண்டுவந்தனர். அவர்கள் காயவைத்தது காய்கறி.

எங்கள் கரிசலில் காய்கறி என்பது மழையின் கையில் இருந்தது. ஐப்பசி மழை இறங்கியதும், மண்ணுக்குள் உறங்கிய கிழங்கிலிருந்து அதலைக்கொடி தானே தலைநீட்டும். விதைத்தவர் எவருமில்லை, வரப்பில் படர்ந்து விரற்கடை அளவில் காய்க்கும். கசப்பில் பாகலுக்கு உறவு. இதனைப் பறித்து ஓரிரு நாள் வைத்திருந்தால் வெடித்துவிடும். ஆகவே உடனே சமைக்க வேண்டும், அல்லது உடனே காயவைக்க வேண்டும். புன்செய்க் காட்டில் படரும் மிதுக்கங்காயும் அத்தகையதே. அதனைக் கீறி, உப்பிட்டு, உலர்த்தி, எண்ணெயில் பொரித்தால் கம்பங்கூழுக்கு வேறு துணை வேண்டியதில்லை. ‘மிதுக்க வத்தல்’ என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நாவூறாதவர் எம் பக்கத்தவராக இருக்க முடியாது என்பது என் துணிபு.

தானே முளைப்பவை போக, வீட்டுக் கொல்லையில் வளர்ப்பவையும் உண்டு. எங்கள் அப்பத்தா கிணற்று நீரைச் செடிக்கு ஊற்றியதே இல்லை. அரிசி களைந்த கழுநீர் கத்தரிக்கு. பாத்திரம் அலம்பிய நீர் சுண்டைக்கு. குளித்த நீர் வாய்க்கால்வழி சீனியவரைக்கு. சுண்டை ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் கோடையிலும் எளிதில் சாகாது. ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு சுண்டைச்செடி காணும்’ என்பாள். மணத்தக்காளியைக் குருவிகளே விதைத்துச் சென்றன.

தை பிறந்து வானம் வெளுத்ததும் முற்றத்தில் வேலை தொடங்கும். சுண்டைக்காயை அம்மிக்குழவியால் ஒன்றிரண்டாகத் தட்டி, விதை போக அலசி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுதும் ஊறப்போடுவாள். காலையில் எடுத்துப் பாயில் பரப்புவாள். மாலையில் மீண்டும் அதே மோரில் இடுவாள். மோர் முற்றும் வற்றும்வரை இவ்வாறே நடக்கும். சீனியவரைக்கு வேறு முறை: கொதிக்கும் உப்புநீரில் ஒரு கொதி விட்டு, வடித்து, பிறகே வெயிலுக்குச் செல்லும்.

உயிரியல் பயிலும் மாணவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். உப்பு, சவ்வூடுபரவலால் காயின் திசுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. மோரின் புளிப்பு பல நுண்ணுயிர்களை வளரவிடுவதில்லை. கொதிநீர், காயைப் பழுக்கவும் நிறம் மாறவும் செய்யும் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது. எஞ்சிய நீரை வெயில் வாங்கிக்கொள்கிறது. நீரில்லாத இடத்தில் பூஞ்சைக்கு வாழ்வில்லை. அப்பத்தா இவற்றுள் ஒரு சொல்லையும் அறியாள். வற்றலைச் சுளகில் இட்டுக் குலுக்கி, ‘கலகல’வென்று ஒலித்தால்தான் பானைக்குள் விடுவாள். ஒலி மந்தமாக இருந்தால் இன்னும் ஒரு வெயில். அரைகுறையாகக் காய்ந்த வற்றலில் பூஞ்சை படியும். அதனைத் துடைத்துவிட்டு உண்பதும் தீங்கே. நிலக்கடலையிலும் மிளகாயிலும் படியும் சிலவகைப் பூஞ்சைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன.

இவ்வளவு உழைப்பு எதற்கு? நாவின் சுவைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். என் தாய் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டிக்கூடு ஒட்டியவர், எண்ணிக்கைக்குக் கூலி. அடைமழை நாள்களில் ஒட்டிய கூடு காயாது. கூடு காயாவிடில் காசு வாராது. பட்டாசு ஆலைகளும் தீபாவளி முடிந்ததும் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். பண்டிகைச் செலவு கையைக் கரைத்திருக்கும் அந்த வேளையில்தான் மழையும் பிடித்துக்கொள்ளும். சந்தையில் காய் விலை ஏறும். அந்நாள்களில் எங்கள் அடுப்பில் கொதித்தது புளியும் வற்றலும்தான். பானை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அம்மா கைவிட்டுப் பார்ப்பதை நாங்கள் பேசாமல் கவனித்திருப்போம்.

இன்று முற்றங்கள் குறைந்துவிட்டன. அதனினும் பெரிய இடர், வெயில் எரிக்கும் பொழுதும் ஆலையில் வேலை செய்யும் பொழுதும் ஒன்றாக இருப்பது. காக்கை விரட்டவும் வற்றலைப் புரட்டிவிடவும் வீட்டில் ஆளில்லை. கடையில் வாங்கலாமே என்பீர்கள். கடை வற்றலில் காயைவிட உப்பே மிகுதி என்பது என் அனுபவம். அச்சுத்தொழில் மலிந்த நம் ஊரில் இன்னொரு வழக்கத்தையும் காண்கிறேன். நாள்காட்டி அடித்து ஒதுக்கிய வண்ணத்தாள்களை விரித்து, அதன்மேல் ஈர வற்றலைப் பரப்புகின்றனர். மையும் அதிலுள்ள வேதிப்பொருள்களும் ஈரத்தில் கசிந்து உணவில் ஏறும். அச்சிட்ட செய்தித்தாளில் உணவைப் பொதியவேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் அறிவுறுத்தியதும் இது கருதியே. பழைய பருத்தி வேட்டி ஒன்று போதும்.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெற்றோர் இருவரும் பட்டாசு ஆலைத் தொழிலாளர். அவள் பள்ளிக்குப் புறப்படுமுன் மொட்டைமாடியில் வேட்டி விரித்துச் சுண்டையைப் பரப்பி, மேலே கொசுவலைத் துணியிட்டு, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டு வருகிறாள். காக்கைக்கு ஆள் தேவையில்லை. சிமெண்டுத் தளம் மண்முற்றத்தைவிட விரைவில் சூடேறுவதால், ஐந்து நாள் காயவேண்டியது நான்கே நாளில் கலகலக்கிறது என்கிறாள்.