இரைச்சலுக்குப் பொருள் கூறுவோர்

சிங்கப்பூரில் இன்றும் பிணம் புதைக்க இடந்தரும் ஒரே இடுகாடு சுவா சூ காங்கில் உள்ளது. ஆதலின் அவ்வட்டாரத்தில் பேய்க் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இரவில் வானொலியை நிலையம் ஏதும் இல்லாத இடத்திற்குத் திருப்பினால் எழும் ‘உஸ்’ என்ற இரைச்சலில் இறந்தோர் பேசுகின்றனர் என்பதும் அவற்றுள் ஒன்று.

நாமறிந்த மூதாட்டி ஒருவர், கணவரை இழந்தவர், ‘ஒலி 96.8’இலிருந்து முள்ளை நகர்த்தி வைத்து அவ்விரைச்சலின் முன் இரவெல்லாம் அமர்ந்திருந்தார். அவர் துயரத்தை நாம் எள்ளோம். அவ்வோசைக்குப் பொருள் கூறுவதாக வந்து அவரிடம் பணம் பறித்துச் சென்ற மந்திரவாதியை எங்ஙனம் பொறுப்பது?

அவ்விரைச்சலில் ஒரு பங்கு வெளியிலிருந்து ஏரியல் வழியே வருவது. மற்றொரு பங்கு பெட்டிக்குள்ளேயே பிறப்பது. இப்பிறப்பை அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்து ஜான்ஸன் 1928இல் அளந்து காட்டினார். அதன் கணக்கை அதே ஆண்டில் நைக்விஸ்ட் வகுத்தார். இருவரும் சுவீடனில் பிறந்து, நம் முன்னோரைப் போலவே கடல் கடந்தவர்கள். பாட்டரியோடு இணைக்கப்படாது வாளா கிடக்கும் மின்தடையிலும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாது அலைகின்றன. அவ்வலைச்சலே இரைச்சல்.

27 டிகிரி வெப்பத்தில், பத்து லட்சம் ஓம் தடையில், 10,000 ஹெர்ட்ஸ் அகலத்திற்குள் எழும் இரைச்சல் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 13 பங்கு. அதே தடையைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்திக் கழிவு 196 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது பாதியாகும். பேய்க்குக் குளிர் ஆகாது போலும்! ஜான்ஸன் கரி, செம்பு, பிளாட்டினம், உப்புநீர் ஆகியவற்றையும் சோதித்தார். தடையும் வெப்பமும் ஒத்திருந்தால் இரைச்சலும் ஒத்தேயிருந்தது. பிளாட்டினம் உயர்குலம், உப்புநீர் தாழ்குலம் என்னும் பேதம் அங்கே செல்லவில்லை.

பொருளுக்குப் பொருள் வேறுபடும் இரைச்சலும் உண்டு. அது மின்னோட்டம் பாயும்போது தோன்றுவது. கரித்துகள்களால் ஆன தடைகளில் அது மிகுதி, கம்பி சுற்றிய தடைகளில் குறைவு. ஒலி தாழத் தாழ அது ஓங்கும். குறைகடத்திகளிலோ, பொருளின் பழுதான இடங்களில் எலெக்ட்ரான்கள் சிக்குவதும் விடுபடுவதும் அதற்கு ஒரு காரணம். அதனால் அவ்விரைச்சலை அளந்தே உள்ளிருக்கும் பழுதை அறியும் முறை ஏற்பட்டிருக்கிறது. அத்தகைய குறைகடத்திச் சில்லுகளைச் செய்யும் ஆலைகள் சுவா சூ காங்கிற்கு அண்மையில், உட்லண்ட்ஸிலேயே இருக்கின்றன. அவ்வாலைகளுக்கு நம் பிள்ளைகளும் நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகின்றனர்.