கூரை போன கார்

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில் பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் காரைச் சோதிப்பது வளைவுகள் அல்ல, ஒரு பக்கச் சில்லு மட்டும் விழும் குழிகள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பதில் கூரைக்கும் பெரிய பங்குண்டு. அது இல்லையென்றால் பொடி முறுகும், முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும்.

1962இல் வந்த திறந்த எம்ஜிபி காரில், கூரை இல்லாததால் வரும் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடுகள். அவை துருவேறினால் கார் நடுவில் தொய்ந்து, கதவு இறுகும். அனுபவமுள்ள பாஸ்மார் அவற்றை வெட்டுமுன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டிங் செய்வது அதனால்தான்.

அதே ஆண்டின் லோட்டஸ் எலானில் அந்த வேலையைச் செய்வது நடுவில் ஓடும் எஃகு முதுகெலும்பு.

இலங்கையில் கண்ணில் படுவது மொரிஸ் மைனர்தான் (வேகத்தைக் கேட்கக் கூடாது). தொழிற்சாலையிலிருந்தே திறந்த காராக வந்த மொடலில் கூடுதல் வலுத் தகடுகள் உண்டு. கூரை வெட்டிய சலூனில் அவை இருக்கின்றனவா என்று வாங்குபவர் குனிந்து பார்க்கட்டும். பெயின்டைப் பிறகு ரசிக்கலாம்.