இதழும் நெற்றியும்

உடலில் இதழ் மிகச் சிறிய பரப்பு. மூளையிலோ அதற்குப் பெருநிலம். மாண்ட்ரீல் நகரின் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் புறணியை மெல்லிய மின்சாரத்தால் தீண்டித் தீண்டி அறிந்த வரைபடம் 1937இல் வெளியாயிற்று. முதுகு முழுவதற்கும் கிட்டாத இடம் அதில் உதடுகளுக்குக் கிட்டியிருக்கிறது. இதழின் தொடுவுணர்வைச் சுமந்து செல்வது ஐந்தாம் கபால நரம்பு.

ஆயினும் முத்தம் இயற்கையின் கட்டளை என்று நாம் முடிவுகட்ட இயலவில்லை. 2015இல் வெளிவந்த ஆய்வொன்று 168 பண்பாடுகளை நோக்கி, காதலரின் இதழ்முத்தம் அவற்றுள் 46 விழுக்காட்டில்தான் உண்டு எனக் கண்டது. நரம்பு பிறப்பில் வருகிறது. முத்தம் பழக்கத்தில் வருகிறது. மொழி பயிற்றும் நமக்கு இது புதிதன்று. பேசும் ஆற்றல் எல்லார்க்கும் பொது. எம்மொழி என்பதை வீடு தீர்மானிக்கிறது.

நம் வீடுகளில் மழலையை ஓயாது முத்தமிடுகிறோம். மீசை அரும்பியதும் நிறுத்திவிடுகிறோம். முதிய தாயின் நெற்றியிலோ, அவள் கண்மூடிய பிறகே நம் இதழ் படுகிறது. நெற்றிக்கும் அதே ஐந்தாம் நரம்புதான். அப்போது அது எந்தச் செய்தியையும் சுமப்பதில்லை. சுமக்கும் காலத்திலேயே அந்த மொழியை நாம் பேசிவிடலாம்.